வெண்ணெய் உருண்டையோடு திரும்பிவிடாதீர்கள்: மாமல்லபுரத்தை வழிகாட்டியோடு நடந்து பார்ப்பது எப்படி?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது தோழிகள் ஆறு பேர் மாமல்லபுரம் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஒருவர் பின்னாலேயே வந்தார். "கைடு வேணுமாம்மா? எல்லா இடமும் காட்டுறேன். ஐந்நூறு ரூபா குடுங்க, போதும்." நாங்களும் சரி என்றோம். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்து ரதங்களுக்கு முன்னால் எங்களை நிறுத்தி, "பாண்டவங்க வனவாசத்துல இங்கதான் இருந்தாங்க. இதெல்லாம் அவங்களே செதுக்கினது" என்றார். அதை அப்படியே என் பயணக் கட்டுரையில் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: "ஆதாரம்?"

பணம் போனதுகூடப் பெரிதில்லை. அதற்குள் அந்தக் கதையை வீட்டில் எல்லோரிடமும் வரலாறு என்று சொல்லி முடித்திருந்தேன். என் தம்பி அதைப் பள்ளியில் சொல்லியிருந்தான். ஒரு தவறான தகவல் இப்படித்தான் வீடு வீடாகப் பரவுகிறது.

போன மாதம் அப்பாவோடு மறுபடியும் போனேன். இந்த முறை அடையாள அட்டை வைத்திருந்த வழிகாட்டி ஒருவரோடு இரண்டரை மணி நேரம் நடந்தோம். அதே கல், அதே கடற்கரை. ஆனால் நான் பார்த்தது வேறு ஊர். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, அதை நீங்களும் எப்படிப் பெறலாம் என்பதுதான் இந்தப் பாடம்.

போனில் எல்லாம் இருக்கிறதே, வழிகாட்டி எதற்கு?

நியாயமான கேள்விதான். மேப்பைத் திறந்தால் வழி காட்டும். தேடினால் எந்த நூற்றாண்டு என்று சொல்லும். 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் பல்லவர்கள் உருவாக்கியவை, 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை என்ற விவரங்கள் எல்லாம் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும்.

ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று போன் சொல்லாது. அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பெரும்பாறையின் கீழ்ப்பகுதியில் ஒரு பூனை ஒற்றைக் காலில் நின்று, முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். முதல் முறை போனபோது அந்தப் பாறைக்கு முன்னால் நாங்கள் எடுத்த போட்டோக்களில் பாதியில் அந்தப் பூனை இருக்கிறது. நாங்கள் யாருமே அதைப் பார்க்கவில்லை! இந்த முறை வழிகாட்டி, "ஒரு நிமிஷம் பேசாம பாருங்கம்மா. பாறையில யாரோ ஒருத்தர் நம்மளை ஏமாத்துறாங்க. யாருன்னு கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார். அறுபது வயதில் அவர் அப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை.

நல்ல வழிகாட்டி முதலில் நம்மைப் பார்க்க வைக்கிறார். தகவலை அதற்குப் பிறகுதான் சொல்கிறார்.

மூன்று கூடைகள்

நடக்கப் போகும் முன் மனதில் மூன்று கூடைகளை வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி சொல்லும் ஒவ்வொரு செய்தியையும் இதில் ஏதாவது ஒன்றில் போட வேண்டும்.

1. கண்ணால் பார்ப்பது: சிலை, உளித்தடம், பாதியில் நின்ற வேலை.
2. எழுத்தில் இருப்பது: கல்வெட்டு.
3. வழிவழியாகச் சொல்வது: புராணம், ஊர்க்கதை, நாவல்.

மூன்றாவது கூடை மட்டமானது என்று நினைக்க வேண்டாம். கதை இல்லாமல் ஊரே இல்லை. ஒரு கூடையில் இருப்பதை எடுத்து இன்னொன்றில் போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். "இது கல்வெட்டில் இருக்கா, இல்ல சொல்லிக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல வழிகாட்டிக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். எரிச்சல்படுகிறவரைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அட்டையைக் கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்துக்குள் காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டுவதற்கு உரிமம் வேண்டும். இது 1959-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அட்டையில் போட்டோ, பெயர், எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரங்களைப் பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பரீட்சை எழுதி, பயிற்சி எடுத்து உரிமம் வாங்கியவருடைய பிழைப்பும் இதில்தான் இருக்கிறது. லண்டனில் தகுதி பெற்ற வழிகாட்டிகள் நீல பேட்ஜ் அணிந்திருப்பார்கள். அதைப் பார்த்து அழைப்பது அங்கே சாதாரண வழக்கம்.

நாலு விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். மொத்தத் தொகை எவ்வளவு (ஆளுக்கா, குழுவுக்கா)? எத்தனை மணி நேரம்? எந்தெந்த இடங்கள்? எந்த மொழி? "பார்த்துக் குடுங்க" என்றால் அங்கேயே நின்று ஒரு தொகையைப் பேசி முடியுங்கள். ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் 'இலவச நடை' என்று ஒரு முறை உண்டு. நடை முடிந்த பிறகு விரும்பியதைக் கொடுக்கலாம். அங்கே அது முன்கூட்டியே தெரிந்த ஏற்பாடு. இங்கே பேசாமல் விட்டால் கடைசியில் இரண்டு பக்கமும் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

நுழைவுச்சீட்டு தனி. 2018-இல் மாற்றியமைத்த கட்டணப்படி இந்தியர்களுக்கு 40 ரூபாய், இணையவழியில் செலுத்தினால் 35 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. கிளம்பும் முன் இப்போதைய தொகையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் வாங்கிய சீட்டை அடுத்த இடத்திலும் கேட்பார்கள் என்பதால் அதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். செல்போனில் வாங்கியிருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கூட்ட நாளில் சிக்னல் படுத்தும்.

நடை வழி: ஐந்து நிறுத்தங்கள், ஐந்து கேள்விகள்

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது பார்த்த முக்கியமான இடங்கள் இந்த வழியிலேயே வருகின்றன. காலை ஆறு, ஆறரைக்குத் தொடங்குங்கள். ஒன்பதரைக்கு மேல் பாறை சுடும்.

நிறுத்தம் 1: வெண்ணெய் உருண்டை. சரிவில் நிற்கும் இந்தப் பாறை சுமார் 250 டன் எடை என்று கணிக்கப்படுகிறது. ஒரு கவர்னர் யானைகளை விட்டு இழுத்துப் பார்த்தார், அசையவில்லை என்ற கதையை இங்கே கட்டாயம் கேட்பீர்கள். ரசியுங்கள், மூன்றாவது கூடையில் போடுங்கள். பிறகு பக்கத்துப் பாறைகளைப் பாருங்கள். சில பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். ஆப்பு வைத்துப் பாறையைப் பிளக்கப் போட்டவை அவை. அது முதல் கூடை.
கேள்வி: "இந்தக் குழி எதுக்கு, எப்படிப் பிளந்தாங்க?"

நிறுத்தம் 2: பெரும்பாறைச் சிற்பம். சுமார் 30 மீட்டர் அகலம். பாறை கிழக்குப் பார்த்திருப்பதால் காலை வெயில் நேராக விழுந்து ஒவ்வொரு உருவமும் தெளிவாகத் தெரியும். ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கும் மெலிந்த மனிதர் யார்? பாசுபதம் வேண்டிய அர்ச்சுனன் என்கிறார்கள் ஒரு சாரார். கங்கையைக் கொண்டுவந்த பகீரதன் என்கிறார்கள் இன்னொரு சாரார். நடுவில் இருக்கும் பிளவில் நாகர்கள் இருக்கிறார்கள். மேலே தண்ணீர் தேக்கிய தொட்டியின் தடயமும் இருக்கிறது. அதனால் இது ஆறுதான் என்பது இரண்டாவது தரப்பின் வாதம். ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இரண்டு பக்கத்தையும் சொல்லி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பவர்தான் நல்ல வழிகாட்டி.
கேள்வி: "பகீரதன்னு சொல்றவங்க எதை வச்சுச் சொல்றாங்க?"

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். உள்ளே ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு வழிகாட்டியே தேவையில்லாத சிற்பம் இது. முன்னால் இருக்கும் தூண் மண்டபம் பல்லவர் காலத்துக்குப் பிறகு சேர்த்தது என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிறுத்தம் 3: குன்றின் மேல். மகிஷாசுரமர்த்தினி குகையில் ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் ஏறிப் போரிடும் துர்க்கை. எதிர்ச் சுவரில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமால். ஒரு பக்கம் அவ்வளவு வேகம், எதிரிலேயே அவ்வளவு அமைதி. குகைக்கு மேலே இருக்கும் ஓலக்கண்ணேஸ்வரர் கோயில் 19-ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்கு விளக்குக் காட்டப் பயன்பட்டது. ஊர்க்காரர்கள் சிலர் இன்னும் அதைப் பழைய கலங்கரை விளக்கம் என்றுதான் சொல்கிறார்கள்.
கேள்வி: "இந்த ரெண்டு சிற்பத்தையும் ஏன் எதிரெதிரா வச்சாங்க?"

நிறுத்தம் 4: ஐந்து ரதங்கள். என்னைச் சிவப்பு மையில் மாட்டிவிட்ட இடம்! இவை தேர்களும் அல்ல, பாண்டவர்களோடு சம்பந்தப்பட்டவையும் அல்ல. அந்தப் பெயர்கள் பின்னால் வந்தவை. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய கோயில் வடிவங்கள் இவை. அதனால்தான் சிலவற்றில் மேல்பாகம் முடிந்தும் அடிப்பாகம் முடியாமல் நிற்கிறது. திரௌபதி ரதத்தின் கூரை கூரைவீட்டின் கூரை மாதிரியே இருப்பதைக் கவனியுங்கள். ஓலையிலும் மரத்திலும் கட்டிய வடிவத்தைச் சிற்பிகள் கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். பிறகு கல் யானைக்குப் பின்னால் போய் நின்று அதன் முதுகையும், பக்கத்திலுள்ள நகுல சகாதேவ ரதத்தின் வளைந்த பின்புறத்தையும் மாறி மாறிப் பாருங்கள். அந்த வடிவத்துக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இதையெல்லாம் செய்வித்த மன்னன் யார்? ஊருக்குப் பெயர் கொடுத்த மாமல்லன் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் தொடங்கி, அடுத்தடுத்த மன்னர்கள் தொடர்ந்தார்கள் என்பது பலருடைய கருத்து. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, கல்வெட்டுகளில் உள்ள பட்டப்பெயர்களை வைத்து, எல்லாமே ராஜசிம்மன் பணி என்று 1962-இல் எழுதினார். இன்றுவரை விவாதம் முடியவில்லை.
கேள்வி: "தர்மராஜ ரதத்தில் என்ன எழுதியிருக்கு?"

நிறுத்தம் 5: கடற்கரைக் கோயில். ஐந்து ரதங்களிலிருந்து இங்கே வர ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். முன்னால் பார்த்தவை பெரும்பாலும் குடைந்தவை. இது வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது, ராஜசிம்மன் காலம். சிவனுக்கு இரண்டு சன்னதிகள், நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். ஒரு காலத்தில் இங்கே ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுக்குள் போய்விட்டன என்பது ஐரோப்பிய மாலுமிகள் காலத்திலிருந்து சொல்லப்படும் கதை. 2004 சுனாமியில் கரை மணல் அரித்துப்போனபோது, அதுவரை மணலில் புதைந்திருந்த சிற்பப் பாறைகள் வெளியே வந்தன. அடுத்த ஆண்டு தொல்லியல் துறை அகழாய்வும் செய்தது. அதனால் "ஏழு கோயில்" நிரூபணமாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அது கூடை மாற்றிப் போடுவது. மணலுக்கடியில் இன்னும் கட்டடங்கள் இருந்தன என்பது வரைதான் உறுதி.
கேள்வி: "சுனாமிக்கு அப்புறம் என்ன கிடைச்சது? அதை எங்க பார்க்கலாம்?"

கல்லைப் பார்த்தாயிற்று, ஊரை?

நடந்து பார்ப்பதன் முழுப் பலன் இரண்டு சின்னங்களுக்கு நடுவில் இருக்கிறது. காரில் போனால் அது தெரியாது. ஐந்து ரதங்களுக்குப் போகும் சாலையில் உளிச்சத்தம் கேட்டால் நில்லுங்கள். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசு சிற்பக் கல்லூரி 1957-இல் இங்கே தொடங்கப்பட்டது. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பல்லவர்களோடு முடிந்துபோன கலை அல்ல இது.

பட்டறையில் போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் வேலையை நிறுத்தி விளக்கமே சொல்வார்கள். வாங்குவதாக இருந்தால் கருங்கல்லா மாக்கல்லா, கையால் செதுக்கியதா மெஷினில் அறுத்ததா என்று கேளுங்கள். வழிகாட்டி ஒரே ஒரு கடைக்குத்தான் போகணும் என்று வற்புறுத்தினால், "இன்னும் ரெண்டு கடை பார்த்துட்டு வர்றோம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஊர் நடுவில் இருக்கும் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் வழிபாடு நடக்கும் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. உடை, செருப்பு, செல்போன் விஷயத்தில் கோயில் முறைப்படி நடந்துகொள்ளுங்கள். கடற்கரையில் மீனவர் குடியிருப்புப் பக்கம் போனால் வலை காயும் இடத்தை மிதிக்காதீர்கள். அது அவர்களுடைய வேலை செய்யும் இடம். கடலில் இறங்கிக் குளிப்பது வேண்டாம். அலை இழுப்பு அதிகம்.

இன்னொரு ஞாயிறு கிடைத்தால் வடக்கே சாளுவன்குப்பம் போங்கள். புலிக்குகைக்குப் பக்கத்தில், சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து நடந்த அகழாய்வில் ஒரு முருகன் கோயில் வெளிவந்தது. அதன் அடித்தளம் செங்கல்லால் ஆனது, பல்லவர்களுக்கும் முந்தியது.

நம் பக்கக் கடமை

சிற்பத்தில் பெயர் கிறுக்குவது விளையாட்டு அல்ல. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ட்ரோன் பறக்க விடுவதற்கு முன் அனுமதி வேண்டும். பிள்ளைகளை யானைச் சிலை மேல் உட்கார வைத்து போட்டோ எடுப்பதையும் நிறுத்துவோமே. 1,300 வருடம் தாங்கிய கல்தான். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறினால் தாங்கும்?

போனில் சேமித்துக்கொள்ள வேண்டிய எண்கள்

• அவசர உதவி: 112. ஆம்புலன்ஸ்: 108
• கடலோரப் பாதுகாப்பு: 1093
• பெண்கள் உதவி: 181. குழந்தைகள் உதவி: 1098
• சுற்றுலாப் பயணிகள் உதவி எண்: 1363 (இந்தி, ஆங்கிலம், வெளிநாட்டு மொழிகள்)
• தமிழில் குறை தெரிவிக்க, முதல்வரின் முகவரி: 1100

புகார் செய்யும்போது தேதி, நேரம், இடம், கொடுத்த தொகை, அட்டை எண் இவற்றைக் குறிப்பிடுங்கள். யூபிஐ-யில் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவே ஆதாரம். மாவட்டம் என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் காஞ்சிபுரம் என்று போட்டுவிடாதீர்கள். 2019 நவம்பர் 29 முதல் மாமல்லபுரம் செங்கல்பட்டு மாவட்டம்.

வீட்டுப் பயிற்சி

திரும்பி வந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். அன்று கேட்டதில் எது பார்த்தது, எது எழுத்தில் இருப்பது, எது கதை என்று பிரித்து எழுதுங்கள். எந்தக் கட்டத்திலும் சேராமல் சில செய்திகள் மிஞ்சும். அடுத்த முறை வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை அவைதான்.

எங்கள் நடை முடியும்போது அப்பா ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இதெல்லாம் ஆயனச் சிற்பி செதுக்கினதுதானே?" கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்துவிட்டு வரும் பலருக்கும் உள்ள நினைப்பு அது.

வழிகாட்டி சிரித்தார். "ஆயனர் கல்கி கதையில வர்றவரு சார். நிஜத்துல யாருன்னு கேட்டீங்கன்னா, பக்கத்துல பூஞ்சேரிகிட்ட ஒரு பாறையில பழைய எழுத்துல கொஞ்சம் பேரு வெட்டியிருக்கு. சிற்பிங்க பேருன்னு சொல்றாங்க. அதுல ஒருத்தர் கேவாத பெருந்தச்சன். ஆனா இந்தப் பாறைய அவர்தான் செதுக்கினாருன்னு சொல்ல ஆதாரம் இல்ல சார். அது எனக்குத் தெரியாது."

அப்பா அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு, கூடவே நூறு ரூபாயும் வைத்தார். பஸ்ஸில் வரும்போது எதற்கு என்று கேட்டேன்.

"தெரியாதுன்னு சொன்னாரு பாரு, அதுக்கு" என்றார்.